ஜெபமாலை முடிந்தும் படபடப்பு அடங்கவில்லையே, என் விசுவாசம் பழுதா?

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு 48 வயது. வீட்டுக்காரர் விவசாயம், சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். கஜா புயலில் ஓட்டு வீடும் போச்சு, கொல்லையில் இருந்த தென்னையும் போச்சு. ஒரே பையன் கத்தாரில் இருக்கிறான். ஐப்பசி பிறந்தாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து ஜெபமாலை சொல்வேன். நடுவில் பராக்கு வந்துவிட்டால் முதலிலிருந்து திரும்பச் சொல்வேன். சில நாள் விடியும் வரை இப்படியே போகும். செல்லில் மழை நிலவரம் பார்ப்பேன். பையனுக்குப் போன் போடுவேன். ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "ஆண்டவருடைய பிரசன்னத்தை உண்மையாக உணர்ந்தால் பயம் ஓடிப்போகும், உனக்கு விசுவாசம் பத்தவில்லை" என்றார். அன்றிலிருந்து இன்னும் மோசம். கடவுள் என் பக்கத்தில் இருந்தால் இந்த நடுக்கம் ஏன் நிற்கவில்லை? மாத்திரை எடுத்தால் அவரை நம்பாதது ஆகிவிடுமா? பேசாமல் ஆண்டவர் என்னைக் கூட்டிக்கொண்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு மனநல மருத்துவராக அதைத் தாண்டி நான் வேறு எதற்கும் போக முடியாது. "கூட்டிக்கொண்டால் தேவலை" என்பது அசதியில் வருகிற நினைப்பா, அல்லது நாமே ஏதாவது செய்துகொள்ளலாம் என்கிற பக்கம் மனம் சாய்கிறதா? இரண்டாவது என்றால், நாளைக் காலைவரைகூடத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்தும் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். வெறும் அசதிதான் என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள்: வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எதுவும் வீட்டுக்குள் இருக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொல்லி அதை வெளியே எங்காவது வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே இருக்கச் சொல்லுங்கள். விவசாயக் குடும்பம் யார் வந்தாலும் இதை நான் சொல்லாமல் அனுப்புவதில்லை.

சரி, இப்போது உங்கள் நெஞ்சு படபடப்புக்கு வருவோம்.

இரண்டு, இரண்டரைக்கு முழிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கஜா கரை கடந்தது 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். வேதாரண்யம் பக்கம் கரையேறி உங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் உள்ளே போனது. அன்று ராத்திரி அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஓடு பறக்கிற சத்தம் கேட்டதா? தென்னை முறிகிற சத்தம்? மனிதன் மறந்தாலும் உடம்பு சில நேரங்களை மறப்பதில்லை. அதே மாதம், அதே ஈரக் காற்று, அதே இருட்டு என்று வரும்போது மூளையின் எச்சரிக்கை மணி தானாக அடித்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக ஓடுகிறது, கை சில்லிடுகிறது, வயிறு கலங்குகிறது. ஆபத்திலிருந்து தப்பிக்க உடம்பில் அமைந்திருக்கும் ஏற்பாடு இது. ஆபத்து இல்லாத இரவிலும் அது வேலை செய்வதுதான் உங்கள் சிரமம். பின்னிரவில் தூக்கம் இயல்பாகவே இலேசாக இருக்கும், அதனால் முழிப்பும் சுலபமாக வந்துவிடும். இதில் எந்த இடத்திலும் விசுவாசத்தின் அளவு பற்றிய பேச்சே இல்லை. டெல்டாவில் மழைக்காலம் தொடங்கினால் இதே நேரத்தையும் இதே நடுக்கத்தையும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உங்களைப் போல் இன்னும் பலர். கோயிலுக்குப் போகிறவர், தர்காவுக்குப் போகிறவர், எங்கும் போகாதவர் என்று எல்லோரும் அதில் உண்டு.

அந்த அக்கா சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது சரியில்லை, நீங்கள் படிக்கிற விவிலியத்துக்கே பொருந்தவில்லை.

இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்சமனித் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய வியாழன் இரவு ஆராதனையில் எத்தனை வருடமாக அதைக் கேட்டிருப்பீர்கள்! இயேசு திகிலடைந்தார், என் உள்ளம் சாவு வரும் அளவுக்குத் துயரப்படுகிறது என்றார், மனம் கலங்கினார். மத்தேயு இன்னொன்றும் எழுதுகிறார்: மூன்றாம் முறையும் அவர் அதே வார்த்தைகளைத்தான் சொல்லி வேண்டினார். புதிதாக அழகான ஜெபம் எதுவும் அவருக்கு வரவில்லை. லூக்கா சொல்வது இன்னும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிற இடம். வானதூதர் வந்து அவரைத் திடப்படுத்துகிறார். அதோடு கலக்கம் நின்றிருக்க வேண்டும் அல்லவா? அதற்கு அடுத்துத்தான் அவர் வேதனையில் இன்னும் உருக்கமாக வேண்டினார், வியர்வை இரத்தத் துளிகள் போல் தரையில் விழுந்தது என்று வருகிறது. துணை வந்துவிட்டது, பயமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். இயேசுவுக்கே அப்படி என்றால், உங்கள் கை நடுங்குவதை வைத்து விசுவாசத்துக்கு மார்க் போட யாருக்கு உரிமை இருக்கிறது?

"எதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலின் வரியை உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை அவர் எழுதியது சிறையிலிருந்து. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (11ஆம் அதிகாரம்), எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் தினமும் தன்னை அழுத்துகிறது என்று மனம்விட்டு எழுதுகிறார். அப்படிக் கவலையைச் சுமந்த ஒருவர் இன்னொருவருடைய தோளில் கை வைத்துச் சொன்ன வார்த்தையை, அதட்டலாக மாற்றிவிடக் கூடாது.

அப்படியென்றால் கடவுள் கூட இருப்பதில் என்ன ஆறுதல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் பையன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்த இரவு ஏதாவது ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் காய்ச்சல் இறங்கிவிடவில்லை. அவன் அனத்திக்கொண்டுதான் இருந்திருப்பான், பாதி நேரம் நீங்கள் இருப்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவன் தனியாகக் கிடக்கவில்லை. கடவுளின் உடனிருப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நமக்கு உணர்வு தட்டினாலும் தட்டாவிட்டாலும் அது இருக்கிறது. அன்னை தெரசா 1997இல் மறைந்தார். பத்து ஆண்டுகள் கழித்து வெளியான அவருடைய கடிதங்களைப் பார்த்தால், பல பத்தாண்டுகள் கடவுள் அருகில் இருக்கும் உணர்வே இல்லாமல்தான் அவர் ஜெபித்திருக்கிறார், அத்தனை நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியிருக்கிறார். உணர்வு இல்லை என்பதால் அவரிடம் விசுவாசம் இல்லை என்று திருச்சபை முடிவு கட்டவில்லை. திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "கடவுள் இருக்கிறார், ஒன்றும் ஆகாது" என்ற வார்த்தையை நம் பக்கத்து ஆட்கள் வாய் கூசாமல் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கரையில் கடல் ஏறி வந்தபோது அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்து பிறப்புக்காக மாதாவைப் பார்க்க வந்தவர்கள். நாகை மாவட்டம் முழுக்கப் பறிகொடுத்த உயிர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுடைய விசுவாசத்தில் குறை என்று சொல்ல யாருக்காவது நெஞ்சு வருமா? அதனால், எதுவும் நடக்காது என்ற உறுதியைக் கடவுளிடம் ஜெபத்தில் வாங்கிவிட முயலாதீர்கள். கிடைக்காத அந்த உறுதிக்காகத்தான் நீங்கள் விடியும்வரை மல்லுக்கட்டுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எது நடந்தாலும் நான் தனியாக இல்லை என்பதைக் கேளுங்கள். அதற்கு ஜெபமாலையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்த ஜெபமாலை. பராக்கு வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் வந்து, அதைத் தீர்க்கத் திரும்பச் சொல்லி, அதில் இன்னொரு சந்தேகம் வந்து என்று இது ஒரு சுழல். ஒவ்வொரு முறை திரும்பத் தொடங்கும்போதும் மூளைக்கு "ஆமாம், ஏதோ ஆபத்து இருக்கிறது" என்றுதான் செய்தி போகிறது. இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் 1522, 1523 வாக்கில் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது இதே மாதிரிச் சுழலில் சிக்கினார். ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே, ஏதோ விட்டுப்போய்விட்டது என்று மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனார். முழுதாகச் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்ற முயற்சியை விட்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது. பராக்கு வந்தால் வந்த இடத்திலிருந்தே அடுத்த மணிக்குப் போங்கள். மாதா அதைக் கணக்கு வைத்துக்கொண்டு இருக்க மாட்டார். உங்கள் பங்குத்தந்தையிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் இதையே சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். அவர் வாயால் கேட்டால் உங்களுக்குத் தெம்பாக இருக்கும்.

முழிப்பு வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படுக்கையில் புரண்டுகொண்டே இருக்க வேண்டாம். எழுந்து சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியட்டும். ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் "ஆண்டவரே", அதைவிட நீளமாக வெளியே விடும்போது "இரக்கமாயிரும்". பூசையில் சொல்கிற அதே வார்த்தைதான். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அப்போதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு வேலை செய்யும். படபடப்பு திடீரென்று உச்சத்துக்கு ஏறினால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது தானாகவே இறங்கத் தொடங்கும். அதை விரட்டப் பார்க்காதீர்கள். "நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா" என்று மார்பில் கை வைத்துப் பார்க்கவும் வேண்டாம். பிறகு ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொல்லுங்கள். வேறு ஏதாவது வேண்டும் என்றால் 56ஆம் திருப்பாடலில் ஒரு வரி இருக்கிறது: அச்சம் வரும் நாளில் உம்மை நம்புவேன் என்கிறது. அச்சமே வராது என்று அந்த மனிதர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எதுவுமே சொல்ல வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவும் ஜெபம்தான்.

இறைவாக்கினர் எலியாவின் கதையையும் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். "ஆண்டவரே, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார். நீங்கள் எழுதிய கடைசி வரியேதான். கடவுள் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் வைக்கவில்லை. தூங்க விட்டார். தூதர் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்சுவார்த்தையெல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்கள் ராத்திரி சரியாகச் சாப்பிடுகிறீர்களா? எழுதவில்லை. வெறும் வயிற்றோடு படுத்து, பால் சேர்க்காத கடுங்காப்பியாக நாலு தடவை குடித்தால் படபடப்பு கூடத்தான் செய்யும். சாயங்காலத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம்.

அதே அதிகாரத்தில், மலையைப் பிளக்கிற பெருங்காற்று அடிக்கிறது, காற்றில் ஆண்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறது. நிலநடுக்கத்திலும் இல்லை, தீயிலும் இல்லை. கஜாவுக்குப் பிறகு, இது நம் பாவத்துக்கு வந்த தண்டனை என்று உங்கள் காதில் யாராவது போட்டிருந்தால் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள்.

செல்போன் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். இரவில் அதைப் படுக்கிற இடத்தில் வைக்க வேண்டாம். வானிலையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். அதுவும் வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதை மட்டும். யூடியூபில் சிவப்பு எழுத்தில் "டெல்டாவுக்குப் பேராபத்து" என்று போடுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்? பையனுக்கு நீங்கள் இரண்டரை மணிக்குப் போன் போடும்போது கத்தாரில் நள்ளிரவு. அவன் அலறியடித்து எடுப்பான், அவன் குரலில் உள்ள பதற்றம் உங்களுக்குத் தொற்றிக்கொள்ளும். சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபின் ஒரு நேரம் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள்.

பயத்தில் ஒரு பகுதி நிஜமான வேலையாகவும் இருக்கிறது, அதை ஜெபத்தில் கரைக்கப் பார்க்க வேண்டாம். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்தாயிற்றா? கடைசித் தேதி பொதுவாக நவம்பர் நடுவில் வந்துவிடும். விஏஓவிடம் அடங்கல் வாங்கி, பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டிவிடச் சொல்லுங்கள். குத்தகை நிலத்துக்கும் செய்ய முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். புயல் என்றால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தப் பாதுகாப்பு மையத்துக்குப் போவது என்று பகலிலேயே இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். இரவு இரண்டரைக்கு மனம் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அப்போது பதில் கையில் இருக்கும்.

அப்புறம், இதை நீங்கள் தனியாகவே சுமக்கிறீர்கள். கடிதத்தில் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவரும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு முழித்துக்கொண்டுதான் கிடக்கிறாரோ என்னவோ. நம் ஊர் ஆண்கள் பயத்தைச் சொல்ல மாட்டார்கள், வரப்பில் போய் நின்றுவிட்டு வருவார்கள். ஒருநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரிடம் சொல்லுங்கள். கெத்சமனியில் இயேசுவும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்றுதானே கேட்டார்? அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம், கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் உங்களுக்கு நெருக்கமான ஒருவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், கூட உட்கார்ந்து ஒரு திருப்பாடல் வாசி என்று கேளுங்கள். 88ஆம் திருப்பாடலை வாசித்துப் பாருங்கள், கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிறது. அதையும் விவிலியத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. விசுவாசம் பத்தவில்லை என்று சொன்ன அக்காவிடம் கொஞ்ச நாளைக்கு இந்தப் பேச்சு வேண்டாம். சண்டையும் வேண்டாம்.

மாத்திரை விஷயம். உங்கள் கையில் இருக்கும் கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, அவரைப் படைத்தவரும் ஆண்டவர்தான் என்கிறது, மருந்தை நிலத்திலிருந்து உண்டாக்கியவரும் அவர்தான், அறிவுள்ளவன் அதை வேண்டாம் என்று தள்ள மாட்டான் என்கிறது. நோயில் ஜெபி, அதோடு மருத்துவருக்கும் இடம் கொடு என்றும் அங்கேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

ஆனால் மாத்திரைக்கு முன்னால் சில பரிசோதனைகள் வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகிற நேரத்தில் வருகிற படபடப்பும் தூக்கமின்மையும் இதே மாதிரி இருக்கும். தைராய்டு கூடினாலும், இரத்தம் குறைந்தாலும் இருக்கும். அதனால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒரு ஈசிஜி, இத்தனையும் பார்த்துவிடுங்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இவற்றை எடுத்துக்கொள்ளலாம். மனநலப் பிரிவிலும் அன்றே காட்டிவிட்டு வாருங்கள். பதற்றத்துக்கான மருந்து தொடங்கினால் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம்வரை ஆகும், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெடிக்கல் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், பழகிவிட்டால் விடுவது கஷ்டம். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் உண்டு. கஜா ராத்திரி நடந்ததை முழுசாக ஒருவரிடம் சொல்லி இறக்கி வைப்பது உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

இந்த வாரமே போங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. காலையில் வெறும் வயிற்றில் கிளம்பினால் சர்க்கரைக்கும் சேர்த்து இரத்தம் எடுத்துவிடலாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கடைசி வரியில் எழுதிய நினைப்பு மறுபடி வந்தால் மட்டும் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள்.